கம்ப்யூட்டர் லாரியில் டைமிங் பழுது: எங்கிருந்து தேடத் தொடங்குவது?

செல்ஃப் அடித்தால் என்ஜின் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை. இன்னொரு வண்டி காலையில் ஒரே அடியில் ஸ்டார்ட் ஆகி, லோடோடு தொப்பூர் ஏற்றத்தில் திடீரென்று நின்றுவிடுகிறது. ஆறிய பிறகு எதுவும் நடக்காததுபோல் ஓடுகிறது. மூன்றாவது வண்டியில் என்ஜினை இறக்கி வேலை பார்த்து மாட்டிய நாளிலிருந்து இழுவை இல்லை, செக் லைட்டும் அணையவில்லை. சேலத்திலும் சங்ககிரியிலும் இந்த மூன்று வண்டிகளுக்கும் ‘டைமிங் அவுட்’ என்று ஒரே முடிவாகச் சொல்லப்படுவதைக் கேட்கலாம். ஆனால் முதல் வண்டியில் வயரிங் போயிருக்கலாம், இரண்டாவதில் ஒரு சென்சார், மூன்றாவதில் ஒரு பல்சக்கரம். மூன்றுக்கும் ஆகும் செலவு சில நூறு ரூபாயிலிருந்து லட்சம் வரை வேறுபடும்.

ஐடிஐ முடித்துவிட்டு இப்போதுதான் பட்டறையில் சேர்ந்திருக்கும் தம்பிகளுக்காகவும், சொந்த வண்டியைத் தானே ஓட்டும் உரிமையாளர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். என்ஜினைப் பற்றி முன்பே தெரிந்திருக்க வேண்டியதில்லை.

டைமிங் என்றால் என்ன

டீசல் என்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. மேலே ஏறும் பிஸ்டன், சிலிண்டருக்குள் இருக்கும் காற்றைப் பதினேழு மடங்கு அளவுக்கு அழுத்துகிறது. அந்த அழுத்தத்திலேயே காற்று 500 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சூடாகிறது. அந்தக் காற்றுக்குள் டீசலை நுண்துளிகளாகப் பீய்ச்சினால் அது தானே பற்றிக்கொள்ளும். பற்றுவதற்குச் சற்று அவகாசம் பிடிப்பதால், பிஸ்டன் உச்சியைத் தொடுவதற்குச் சில டிகிரி முன்னாலேயே பீய்ச்ச வேண்டியிருக்கிறது. பட்டறையில் அந்த உச்சியை டிடிசி என்பார்கள்.

சீக்கிரம் பீய்ச்சினால், ஏறிக்கொண்டிருக்கும் பிஸ்டனின் தலையிலேயே வெடிப்பு விழுகிறது. என்ஜின் இரும்பை அடிப்பதுபோல் தட்டும், பேரிங் அடி வாங்கும். தாமதமாகப் பீய்ச்சினால் பிஸ்டன் இறங்கத் தொடங்கியிருக்கும். அப்போது இழுவை குறையும், சூடு டர்போவுக்கும் சைலன்சருக்கும் போகும், பாதி எரிந்த டீசல் வெள்ளைப் புகையாக வெளியே வரும்.

இதில் எவ்வளவு துல்லியம் வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். என்ஜின் நிமிடத்துக்கு 1500 சுற்று சுற்றுகிறது என்றால் நொடிக்கு 25 சுற்று, அதாவது 9000 டிகிரி. ஒரு டிகிரியைக் கடக்க ஒரு நொடியில் ஒன்பதாயிரத்தில் ஒரு பங்குதான் ஆகிறது. டைமிங் 10 டிகிரி தவறியது என்றால், ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கைவிடச் சற்றே அதிகமான நேரம் தவறியிருக்கிறது. அவ்வளவு சிறிய தவறுக்கே என்ஜின் இழுவையை விட்டுவிடும்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். நான்கு ஸ்ட்ரோக் என்ஜினில் பிஸ்டன் இரண்டு முறை உச்சிக்கு வந்தால்தான் ஒரு வேலை முடிகிறது. ஒரு முறை காற்றை அழுத்த வருகிறது, மறுமுறை புகையைத் தள்ள வருகிறது. பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தால் சுற்றும் முக்கியத் தண்டான கிராங்க் ஷாஃப்ட் இரண்டு சுற்று சுற்றும்போது வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்ட் ஒரே சுற்றுத்தான் சுற்றும். அதனால்தான் கேம் சக்கரத்தில் கிராங்க் சக்கரத்தைப்போல் சரியாக இரண்டு மடங்கு பற்கள் இருக்கின்றன. கிராங்கை மட்டும் பார்த்தால் பிஸ்டன் உச்சியில் இருக்கிறது என்று தெரியும், எந்த உச்சி என்று தெரியாது. கடிகார முள் ஆறில் நிற்பதைப் பார்த்து அது காலை ஆறா மாலை ஆறா என்று சொல்ல முடியாதல்லவா? அதைச் சொல்வது கேம்.

டிஸ்ட்ரிபியூட்டரும் மைக்கோ பம்பும்

கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பு இந்த நேரத்தைக் காத்தது ஓர் இயந்திரம். அம்பாசிடர் போன்ற பெட்ரோல் வண்டிகளில் அது டிஸ்ட்ரிபியூட்டர். கேம் ஷாஃப்டிலிருந்து பல்சக்கரத்தால் சுற்றும் ஒரு தண்டு, அதன் தலையில் ஒரு ரோட்டர், மேலே ஒரு கேப். காயிலில் பிறக்கும் உயர் அழுத்த மின்சாரத்தை ரோட்டர் வரிசைப்படி ஒவ்வொரு பிளக்குக்கும் பங்கிட்டுக் கொடுக்கும். டிஸ்ட்ரிபியூட்டரின் உடலைக் கையால் கொஞ்சம் திருப்பினால் தீப்பொறி முன்கூட்டியோ பிந்தியோ விழும். டைமிங் வைப்பது என்றால் அதுதான்.

டீசல் லாரியில் அந்த வேலையைப் பம்ப் செய்தது. ஆறு சிலிண்டருக்கு ஆறு பிளஞ்சர், அதாவது டீசலை அழுத்தித் தள்ளும் தண்டு, வரிசையாக நிற்கும் இன்லைன் பம்பை நம் பக்கத்து டிரைவர்கள் மைக்கோ பம்ப் என்றே சொல்வார்கள். பெங்களூரில் அதைத் தயாரித்த மைக்கோ நிறுவனம் 2008-ல் பாஷ் என்று பெயர் மாறியும் அந்தப் பெயர் போகவில்லை. சிறிய வண்டிகளில் ரோட்டரி பம்ப் வந்தது. ஒரே பிளஞ்சர் டீசலை அழுத்தி, சுழலும் தலை வழியாக, சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் ஒவ்வொரு நாசிலுக்கும் பங்கிடும். அதை டிஸ்ட்ரிபியூட்டர் பம்ப் என்றும் சொல்வதுண்டு, பொருத்தமான பெயர்தான். இந்தப் பம்புகளிலும் டைமிங் வைப்பது கைவேலை. கிராங்கின் முனையில் இருக்கும் கனமான சக்கரமான ஃப்ளைவீலின் குறியை நிறுத்தி, பம்பைத் திருப்பி, நட்டை இறுக்க வேண்டும். அந்த வேலையில் நம் சேலம், சங்ககிரி, நாமக்கல் மெக்கானிக்குகளின் கை எவ்வளவு தேர்ந்தது என்பது இந்தப் பக்கத்து லாரிகள் ஓடிய ஊர்களுக்கெல்லாம் தெரியும்.

பிறகு காமன் ரெயில் வந்தது. லாரியில் முதலில் அதைப் பொருத்தியது ஜப்பானில், 1995-ல், டென்சோ செய்த அமைப்போடு ஹினோ வண்டியில். நம் நாட்டில் 2017 ஏப்ரலில் நாடு முழுக்க பிஎஸ்-4, 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 என்று புகை விதிகள் இறுகியபோது அது சாதாரண லாரிக்கும் வந்து சேர்ந்தது. இதில் பம்பின் வேலை டீசலை அழுத்தி ஒரு தடித்த குழாயில் நிரப்பி வைப்பது மட்டுமே. அந்தக் குழாய்தான் ரெயில். எப்போது பீய்ச்சுவது, எவ்வளவு பீய்ச்சுவது என்பதை ஈசிஎம் எனும் கம்ப்யூட்டர் முடிவு செய்து, டீசலைப் பீய்ச்சும் ஒவ்வொரு இன்ஜெக்டரையும் மின்சாரத்தால் திறக்கிறது.

ஆக, பெரும்பாலான காமன் ரெயில் என்ஜின்களில் பம்பைக் கழற்றி ஒரு பல் தள்ளி மாட்டினாலும் பீய்ச்சும் நேரம் மாறாது. சில என்ஜின்களில் பம்புக்கும் குறி உண்டு, கம்பெனிப் புத்தகம் சொன்னால் அதைப் பின்பற்றியே ஆக வேண்டும். ஆனால் பம்பைத் திருப்பி டைமிங்கைச் சரிசெய்யலாம் என்ற எண்ணத்தை இந்த வண்டிகளில் விட்டுவிட வேண்டும். ஒரு விதிவிலக்கு மட்டும் நினைவில் இருக்கட்டும்: பிஎஸ்-4 காலத்தில் அசோக் லேலண்ட் தன் ஐஇஜிஆர் என்ஜின்களில் இன்லைன் பம்பையே தொடர்ந்தது. வாசலில் வந்து நிற்கும் வண்டி எந்த வகை என்று தெரியாமல் ஸ்பானரை எடுக்காதீர்கள்.

இரண்டும் கலந்த காலம்

அமெரிக்கப் பெட்ரோல் லாரிகளில் டிஸ்ட்ரிபியூட்டரும் கம்ப்யூட்டரும் ஒன்றாக இருந்த காலம் ஒன்று உண்டு, 1980-களிலும் 90-களிலும். டைமிங் பழுது பற்றிய ஆங்கிலப் பாடங்களில் பெரும்பகுதி அந்த வண்டிகளை வைத்து எழுதப்பட்டவை. நம் ஊர் டீசலுக்கு அவை நேராகப் பொருந்தாது. ஆனாலும் ஒரு முக்கியமான விஷயத்தை அவை தெளிவாகக் காட்டுகின்றன.

அக்காலத்து ஃபோர்டு வண்டிகளில் தீப்பொறி விழும் நேரத்தைக் காட்டும் டைமிங் லைட்டைப் பிடித்துப் பார்ப்பதற்கு முன் ஸ்பவுட் என்ற சிறு கப்ளரை, அதாவது வயர் இணைப்பை, கழற்ற வேண்டும். கழற்றாவிட்டால் கம்ப்யூட்டர் தன் கணக்குப்படி டைமிங்கை மாற்றிக்கொண்டே இருக்கும். நீங்கள் டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி வைத்ததாக நினைப்பது அடித்தளமே இல்லாத ஓர் எண்ணாக இருக்கும். கழற்றினால் கம்ப்யூட்டர் விலகிக்கொள்ளும். அப்போது தெரிவது டிஸ்ட்ரிபியூட்டரின் சொந்த நிலை.

1996 முதல் வந்த செவர்லே வோர்டெக் என்ஜின்களில் இது இன்னும் ஒரு படி போனது. டிஸ்ட்ரிபியூட்டர் இருக்கிறது, திருப்பவும் முடியும், ஆனால் திருப்பினால் தீப்பொறியின் நேரம் மாறாது. நேரத்தை கிராங்க் சென்சாரை வைத்துக் கம்ப்யூட்டரே கணக்கிடுகிறது. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் கேம் சென்சாரின் நிலையும், ரோட்டர் எந்த முனைக்கு நேராக நிற்கிறது என்பதும்தான் மாறும். கிராங்குக்கும் கேமுக்கும் இடையிலான வித்தியாசம், கம்ப்யூட்டரோடு இணைத்துப் படிக்கும் ஸ்கேனரில் 0 டிகிரியில் இருக்க வேண்டும், 2 டிகிரி இப்படியோ அப்படியோ போகலாம். அதைத் தாண்டினால் பி1345 என்ற கோடு, அதாவது கம்ப்யூட்டர் பதிந்து வைக்கும் பழுது எண், விழும். டிஸ்ட்ரிபியூட்டரின் அடிப்பல் தேய்ந்து போனாலும் அதே கோடுதான்.

நமக்கு வேண்டியது இதுதான்: கம்ப்யூட்டர் வந்த பிறகு டைமிங்கை வைக்கும் கை உங்களுடையது அல்ல. என்ஜின் உண்மையில் எங்கே நிற்கிறது, எங்கே நிற்பதாகக் கம்ப்யூட்டருக்குத் தெரிகிறது, இவை இரண்டும் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பதுதான் மெக்கானிக்கின் வேலை. எல்லாச் சோதனையும் அந்த ஒரு கேள்வியிலிருந்து கிளைப்பவை. டீசலுக்கும் அதே கதை. தீப்பொறி உள்ள சிஎன்ஜி லாரிகளுக்கும் அதே கதைதான்.

கம்ப்யூட்டர் எப்படிப் பார்க்கிறது

கிராங்க் ஷாஃப்டோடு ஒரு பல்சக்கரம் சுற்றும். என்ஜினைப் பொறுத்து அது முன்பக்கமோ ஃப்ளைவீல் பக்கமோ இருக்கும். பல என்ஜின்களில் அந்தச் சக்கரத்தில் 60 பற்களுக்கு இடமிருக்கும், அதில் 2 பற்களை வேண்டுமென்றே விட்டிருப்பார்கள். மீதி 58. ஒரு பல் 6 டிகிரி. எதிரே நிற்கும் சென்சாரைப் பற்கள் ஒவ்வொன்றாகக் கடக்கும்போது மின்துடிப்பு எழும். அந்த இடைவெளி வரும்போது துடிப்பு ஒரு கணம் நிற்கும். கம்ப்யூட்டருக்கு அதுதான் எண்ணத் தொடங்கும் இடம். கேம் ஷாஃப்டில் இதேபோல் இன்னொரு சக்கரமும் சென்சாரும் உண்டு. இரண்டு சென்சாரின் துடிப்பும் எதிர்பார்த்த முறையில் பொருந்தினால், முதல் சிலிண்டர் எங்கே இருக்கிறது என்று கம்ப்யூட்டர் உறுதி செய்துகொள்ளும். ஸ்கேனரில் இதை சிங்க் என்று காட்டும். அதன் பிறகு ஆறு சிலிண்டர் என்ஜினில் 1-5-3-6-2-4 என்ற வரிசையில், 120 டிகிரிக்கு ஒன்றாக, இன்ஜெக்டர்களைத் திறக்கும். சிங்க் கிடைக்காவிட்டால் பல வண்டிகளில் ஒரு சொட்டு டீசல்கூட உள்ளே போகாது.

சென்சார்களில் இரண்டு வகை. இரண்டு வயர் உள்ளது காந்தமும் காயிலும் கொண்டது. வெளியிலிருந்து மின்சாரம் தேவையில்லை, பல் கடக்கும் வேகத்தில் தானே மின்சாரத்தை உண்டாக்கும். சக்கரம் மெதுவாகச் சுற்றினால் துடிப்பும் பலவீனமாகும். பேட்டரி வீக்காக இருக்கும் லாரியில் டைமிங் கோடு விழுவதற்கு இதுவும் ஒரு காரணம், பலருக்கும் இது தோன்றுவதில்லை. மூன்று வயர் உள்ளது ஹால் சென்சார். பெரும்பாலும் 5 வோல்ட் சப்ளை, ஓர் எர்த், ஒரு சிக்னல். இதை ஓம் மீட்டர் வைத்து அளப்பதில் பயனில்லை.

முதலில் டிரைவரிடம் கேளுங்கள்

“அண்ணே, நேத்து வரைக்கும் நல்லாத்தான் ஓடுச்சுங்க” என்று டிரைவர் சொன்னால், அடுத்த கேள்வி “கடைசியா எதுல கை வெச்சாங்க?” என்பதாக இருக்க வேண்டும். கிளட்ச் மாற்றினார்களா, டைமிங் கவரைத் திறந்தார்களா, பாடி வேலைக்கு வெல்டிங் வைத்தார்களா? பேட்டரியையும் ஈசிஎம் கப்ளரையும் கழற்றாமல் லாரியில் கரண்டு வெல்டிங் வைப்பது கம்ப்யூட்டரைக் கொல்லும் வேலை. பாடி கட்டும் பட்டறைகள் நிறைந்த நம் பக்கத்தில் இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சூடானால் நின்று, ஆறினால் ஓடுகிறதா? கிராங்க் சென்சாரை முதலில் சந்தேகப்படுங்கள். உள்ளே இருக்கும் காயில் வயரில் நுண்ணிய விரிசல் இருந்தால் சூட்டில் விலகும், குளிரில் சேரும். மழையில் மட்டும் வருகிறதா? கப்ளருக்குள் தண்ணீர். கிளட்சை மிதிக்கும்போது மட்டும் ஆர்பிஎம் தடுமாறுகிறதா? கிராங்க் ஷாஃப்ட் முன்னும் பின்னும் நகராமல் பிடிக்கும் வாஷர் தேய்ந்திருந்தால், கிளட்ச் தள்ளும்போது ஷாஃப்டே நகர்ந்து, சென்சாருக்கும் பல்லுக்கும் உள்ள இடைவெளி மாறிவிடக்கூடும். அந்த வண்டிக்குப் புது சென்சார் போட்டால் பழுது போகாது.

புகையையும் முள்ளையும் பாருங்கள்

ஸ்கேனர் இல்லாமலே செய்யக்கூடிய ஒரு சோதனை உண்டு. தொடங்குபவருக்கு இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியாது. ஸ்டார்ட் ஆகாத வண்டியில் செல்ஃப் அடிக்கச் சொல்லிவிட்டு, ஒருவர் சைலன்சரையும் இன்னொருவர் டேஷ்போர்டில் ஆர்பிஎம் முள்ளையும் பார்க்க வேண்டும்.

வெள்ளைப் புகை வருகிறது என்றால் டீசல் உள்ளே போகிறது, எரியவில்லை. அப்படியானால் கம்ப்யூட்டருக்கு சிங்க் கிடைத்திருக்கிறது, இன்ஜெக்டரைத் திறக்கிறது. சென்சார் செத்துவிட்டது என்று சொல்ல முடியாது. கம்ப்ரஷன் குறைவு, என்ஜின் மெதுவாகச் சுற்றுவது, சக்கரம் இடம் மாறியிருப்பது போன்றவற்றைத் தேட வேண்டும். பிஎஸ்-6 வண்டியில் சைலன்சருக்குள் இருக்கும் ஃபில்டரும் கேட்டலிஸ்டும் புகையை விழுங்கிவிடும் என்பதால், புகை மங்கலாக வந்தாலும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். டீசல் வாசம் வருகிறதா என்றும் பாருங்கள்.

புகையே இல்லை, முள்ளும் அசையவில்லை என்றால் கிராங்க் சிக்னல் கம்ப்யூட்டருக்குப் போகவில்லை என்று ஐயப்பட நல்ல காரணம் இருக்கிறது. புகை இல்லை, முள் அசைகிறது என்றால் ரெயிலில் அழுத்தம் ஏறாமல் இருக்கலாம். பல என்ஜின்களில் ரெயில் அழுத்தம் 150, 200 பார் அளவைத் தாண்டாதவரை கம்ப்யூட்டர் இன்ஜெக்டரைத் திறப்பதில்லை. டீசல் ஃபில்டர் அடைப்பு, லைனில் ஏர் பிடித்தது, தேய்ந்த இன்ஜெக்டர் வழியாக டீசல் டேங்குக்கே திரும்புவது ஆகிய மூன்றும் டைமிங் பழுதுபோல் வேஷம் போடும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பழைய வண்டிகளில் நாசில் பைப்பைத் தளர்த்தி எந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று பார்க்கும் பழக்கம் உண்டு. காமன் ரெயிலில் அதைச் செய்யவே கூடாது. ஓடும் என்ஜினில் ரெயில் அழுத்தம் 1600 பாரையும் தாண்டும். அந்த அழுத்தத்தில் வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். காயம் ஊசிப் புள்ளிபோலத் தெரிந்தாலும் விரலையோ கையையோ எடுக்க வேண்டிய நிலைக்குக் கொண்டுபோகும். அப்படி நடந்துவிட்டால் வலி இல்லையென்று காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

கோடு சொல்வதை முழுதாகப் படியுங்கள்

கனரக வண்டிகளில் கோடு இரண்டு எண்களாக வரும். எஸ்பிஎன் என்பது எந்த இடம், எஃப்எம்ஐ என்பது என்ன கோளாறு. பலரும் முதல் எண்ணை மட்டும் படித்துவிட்டுச் சாமான் கடைக்குக் கிளம்பிவிடுகிறார்கள்.

கம்மின்ஸ் என்ஜினில் எஸ்பிஎன் 723 என்றால் கேம் பக்கத்து வேக சென்சார். அதோடு எஃப்எம்ஐ 2 வந்தால், சிக்னல் தாறுமாறாக இருக்கிறது என்று பொருள். கம்மின்ஸ் அதற்கு 778 என்ற எண் கொடுத்திருக்கிறது. வயர், கப்ளர், சென்சார் என்று தேட வேண்டும். அதே 723-ஓடு எஃப்எம்ஐ 7 வந்தால் கதையே வேறு. 7 என்றால் இயந்திர பாகம் சரியான நிலையில் இல்லை. கம்மின்ஸ் எண் 731: கேமும் கிராங்கும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. சென்சார் நன்றாகப் பார்க்கிறது, பார்க்கும் சக்கரம்தான் இடம் மாறியிருக்கிறது. இந்த இடத்தில் புது சென்சார் வாங்கிப் போடுவது பணத்தை வீசுவது. எஃப்எம்ஐ 3 என்றால் வோல்டேஜ் அதிகம், 4 என்றால் குறைவு, 5 என்றால் கரண்டு போகவில்லை, வயர் அறுந்திருக்கலாம். இந்த ஐந்து எண்களை மனப்பாடம் செய்துகொண்டாலே பாதித் தேடல் குறையும்.

சிறிய வண்டிகளில் வேறு முறை. பி0335 கிராங்க் சென்சார் சர்க்யூட், பி0340 கேம் சென்சார் சர்க்யூட், பி0016 இரண்டும் பொருந்தவில்லை. 731-க்குச் சொன்னது பி0016-க்கும் பொருந்தும்.

வயரிலிருந்து பல்சக்கரம் வரை

தேடும்போது மலிவானதிலிருந்து விலை கூடியதற்குப் போங்கள். முதலில் பேட்டரி, எர்த். பிறகு சென்சார் கப்ளரைக் கழற்றிப் பச்சை பூத்திருக்கிறதா, பின் உள்ளே போயிருக்கிறதா என்று பாருங்கள். வயரிங் எங்கே பிராக்கெட்டில் உரசுகிறது, எங்கே எலி கடித்திருக்கிறது என்று கையால் தடவிக்கொண்டே போக வேண்டும். சென்சாரை வெளியே எடுத்தால் அதன் நுனிக் காந்தத்தில் இரும்புத்தூள் மீசைபோல் ஒட்டியிருக்கும். துடைத்துப் போட்டாலே சில வண்டிகள் சரியாகிவிடும். ஆனால் தூள் எங்கிருந்து வந்தது என்றும் கேட்க வேண்டும். பல்லுக்கும் நுனிக்கும் இடைவெளி பல என்ஜின்களில் 1 மில்லிமீட்டரை ஒட்டியே இருக்கும், சரியான அளவு புத்தகத்தில் இருக்கிறது.

இரண்டு வயர் சென்சார் என்றால் மல்டிமீட்டரில் ஓம் பாருங்கள், பிறகு ஏசி வோல்ட்டில் வைத்துச் செல்ஃப் அடித்துப் பாருங்கள். மூன்று வயர் என்றால் சாவி ஆன் செய்து கப்ளரில் 5 வோல்ட்டும் எர்த்தும் வருகின்றனவா என்று பாருங்கள். வரவில்லை என்றால் சென்சாரைக் குறை சொல்ல முடியாது. அறுந்த வயரை ஒட்டுப்போடும்போது ஒன்றைக் கவனியுங்கள்: இரண்டு வயர் சென்சாரில் வயர்களை மாற்றி இணைத்துவிட்டால் துடிப்பு தலைகீழாகும். அப்போது சிங்க் கிடைக்காமல் போகலாம், அல்லது கிடைத்தும் டைமிங் சில டிகிரி தள்ளி நிற்கலாம். சிக்னல் வயர்களை முறுக்கியே கொண்டுபோயிருப்பார்கள். ஆல்டர்னேட்டரின் இரைச்சல் உள்ளே புகாமல் இருக்கத்தான் அது. சாதாரண வயரை நேராக இழுத்து ஒட்டினால் புதுப் பழுது முளைக்கும்.

இதற்கெல்லாம் பிறகும் கோடு பொருத்தமின்மையையே சொல்கிறது என்றால் பல்சக்கரத்துக்கு வருகிறோம். கேம் சக்கரத்தில் 72 பற்கள், கிராங்க் சக்கரத்தில் 36 என்று வைத்துக்கொள்வோம். ஒரு பல் தவறி மாட்டினால் கிராங்க் கணக்கில் 10 டிகிரி. இதில் எது நகர்ந்தது என்பதைப் பொறுத்து அறிகுறி மாறும். கேம் சக்கரம் நகர்ந்திருந்தால் வால்வு திறக்கும் நேரம் மாறும். பீய்ச்சும் நேரம் மாறாது, ஏனென்றால் கம்ப்யூட்டர் அதைக் கிராங்கை வைத்துத்தான் கணக்கிடுகிறது. மூச்சுத் திணறுவதுபோல் இழுவை குறையும். கிராங்கில் இருக்கும் சென்சார் சக்கரம் நகர்ந்திருந்தால் வால்வு சரியாக இருக்கும். பீய்ச்சும் நேரம் மொத்தமாகத் தவறும். தட்டலோ வெள்ளைப் புகையோ வரும். எந்த அளவுக்கு மேல் தவறினால் கோடு விழும் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். சிறிய தவறு கோடு விழாமலே இழுவையைத் தின்றுகொண்டிருக்கவும் கூடும்.

கவரைத் திறக்காமலே இதைப் பார்க்க வழி இருக்கிறது. மின்துடிப்பைத் திரையில் படமாகக் காட்டும் ஆசிலோஸ்கோப்பில் கிராங்க், கேம் இரண்டு துடிப்பையும் ஒரே திரையில் எடுத்து, அதே மாடலில் நன்றாக ஓடும் இன்னொரு வண்டியின் படத்தோடு ஒப்பிட வேண்டும். கேம் துடிப்பு கிராங்கின் இடைவெளியிலிருந்து எத்தனையாவது பல்லில் வருகிறது என்று எண்ணினால் போதும். இரண்டு எண்ணும் ஒன்றென்றால் சக்கரம் சரி. வேறென்றால் கவரைத் திறக்கலாம், இனி அது ஊகம் இல்லை. நன்றாக ஓடும் வண்டி கையில் வரும்போதெல்லாம் இந்தப் படத்தை எடுத்துச் சேர்த்து வைக்கும் பட்டறை, மற்ற பட்டறைகளைவிடப் பல படி முன்னால் இருக்கும் என்பது என் உறுதியான கருத்து.

ஏற்காடு ஏறும்போது வருவது

சேலம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு 1500 மீட்டர். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி முடிக்கும்போது காற்றழுத்தம் ஏறக்குறைய 980 மில்லிபாரிலிருந்து 850-ஐ ஒட்டி இறங்கிவிடுகிறது. சிலிண்டருக்குக் கிடைக்கும் காற்றும் அந்த அளவு மெலிகிறது. காபித் தோட்டத்துக்கு உரம் ஏற்றிப்போகும் வண்டி மேலே இழுவை குறைந்து கரும்புகை விட்டால், டைமிங்கைத் தேடப் போகாதீர்கள். கரும்புகை என்பது டீசலுக்கு ஏற்ற காற்று இல்லை என்பதன் அடையாளம். ஏர் ஃபில்டர், டர்போ ஹோஸ், இன்டர்கூலர் கசிவு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். கம்ப்யூட்டர் வண்டியில் வெளிக்காற்றின் அழுத்தத்தை அளக்க ஒரு சென்சார் உண்டு, அதைக் கொண்டு டீசலையும் டைமிங்கையும் தானே மாற்றிக்கொள்ளும். சாவியை ஆன் செய்து, என்ஜினை ஓட்டாமல் ஸ்கேனரில் பாருங்கள்: வெளிக்காற்றின் அழுத்தமும் இன்டேக் அழுத்தமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். ஏற்காட்டில் நின்றுகொண்டு அது 980 என்று காட்டினால் அந்த சென்சார்தான் தவறு.

வேலை முடிந்த பிறகு

கோடு எண்ணை அழித்துவிட்டு ஐடிலில் ஐந்து நிமிடம் ஓடவிட்டு வண்டியை அனுப்பக் கூடாது. ஆறிய என்ஜினில் ஒரு ஸ்டார்ட், நன்றாகச் சூடான பிறகு ஒரு ஸ்டார்ட், பிறகு லோடோடு ஒரு ஏற்றம், இவ்வளவும் ஸ்கேனர் மாட்டிய நிலையில் பார்க்க வேண்டும். சூட்டில் மட்டும் விலகும் சென்சார் வேறு எங்கும் மாட்டிக்கொள்ளாது. சில வண்டிகளில் கிராங்க் சென்சாரையோ சக்கரத்தையோ மாற்றினால், புதிய நிலையைக் கம்ப்யூட்டருக்கு ஸ்கேனர் வழியாகக் கற்றுக்கொடுக்க வேண்டும். அதைச் செய்யாமல் விட்டால் சரியான பாகத்தைப் போட்டும் அதே கோடு திரும்பி வரும், மெக்கானிக் தவறான இடத்தில் மறுபடி தேடத் தொடங்குவார். செல்ஃப் அடிக்கும்போது ஆர்பிஎம் எவ்வளவு, ரெயில் அழுத்தம் எவ்வளவு, சிங்க் எத்தனை நொடியில் கிடைத்தது என்ற மூன்றையும் வண்டி எண்ணோடு சேர்த்து நோட்டில் எழுதி, டிரைவரின் போனிலும் ஒரு படம் எடுத்துக் கொடுத்துவிடுங்கள். நாக்பூர் பக்கம் எங்காவது அந்த வண்டி நின்றால், அங்கே ஸ்கேனர் போடும் ஆளுக்கு முதலில் வேண்டியது அந்த மூன்று எண்கள்தான்.